ஒப்புகை அட்டை

பொயானா கன்னியர் மடம்
16 ஜனவரி 2024

ஒளி தோன்றும் முன்பே ஒளியாய் இருந்தவரே, சொல் பிறக்கும் முன்பே சொல்லாய் நின்றவரே, மூன்றாய் விளங்கி ஒன்றாய் ஆள்பவரே, இந்த ஏழைக் கை எழுதப்போகும் எழுத்தில் பொய் கலவாமல் காத்தருளும்.

அன்புத் தம்பி வலேரியுவுக்கு அக்கா தெயோஃபானா ஆசி கூறி எழுதுவது. இறையருளால் நலமாயிருக்கிறேன். உன் நலம் அறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மின்தூக்கியைச் சரிசெய்துவிட்டார்களா, அல்லது நான்கு மாடியும் இன்னும் ஏறித்தான் போகிறாயா?

மடத்துக்கு மெழுகு கொண்டுவரும் வேன் ஓட்டுநர் கவ்ரில் நேற்றுச் சொன்னார்: “தாயே, உங்க தம்பி வேல பாத்த கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுட்டாங்களாம். யாஷ் பூரா அதே பேச்சு.” நீ கிறிஸ்து பிறப்புக்கு எழுதிய கடிதத்தில் பனியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறைத்தாய் என்று குறை கூறவில்லை. நம் வீட்டில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே.

தபால் பொறுப்பு எட்டாவது ஆண்டாக என்னிடமே இருக்கிறது. உன் கடிதம் வந்தால் முதலில் காண்பது நான்தான். எழுது.

உனக்காக நாள்தோறும் மன்றாடும்
அக்கா

•

யாஷ்
28 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, வணக்கம். இங்கு நலம். அங்கு குளிர் கடுமை என்று வானிலை அறிக்கையில் கேட்டேன். விறகு போதுமான அளவு இருக்கிறதா?

கவ்ரில் சொன்னது உண்மை. நவம்பரில் மூடினார்கள். ஐம்பத்தொரு வயதில் வேலை தேடுவது களைப்பான காரியம், அக்கா. பெரிய தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம் ஒன்று இங்கே கிளை திறந்திருக்கிறது. மற்ற நிறுவனங்களின் கணினி ஏற்பாடுகளை எவ்வாறு சீர்படுத்தலாம் என்று போய்ச் சொல்லிக் கொடுப்பதே அவர்கள் தொழில். தொலைபேசி அலுவலகத்தில் என்னிடம் வேலை கற்ற ஸ்மரந்தா இப்போது அங்கே மேலாளர். அவள்தான் என் பெயரைப் பரிந்துரைத்தாள். மூன்று சுற்று நேர்காணல். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து என்னைத் தயார்படுத்துகிறாள்.

“சார், யாஷ்ல ஒரு நாளைக்கு எத்தன ரொட்டி விக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க.”

“கீழ கடைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடறேனே.”

“ஐயோ சார்! போய்க் கேக்கக் கூடாது. இங்கயே உக்காந்து கணக்குப் போடணும். அதத்தான் பாப்பாங்க.”

கேட்டாலே தெரிந்துவிடுவதை உட்கார்ந்து யூகிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். உலகம் அப்படி ஆகிவிட்டது.

இவை தவிர, ஏழு கதைகளும் தயாராக இருக்க வேண்டுமாம். தலைமை தாங்கியது, சண்டை தீர்த்தது, தோற்றது, இப்படி. எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்தி அனுப்ப வேண்டும். படித்துக் காட்ட வேறு ஆள் இல்லை.

சுயவிவரத்தில் 2016 முதல் 2019 வரை வெறுமையாக இருக்கிறது. அங்கே ஏதாவது எழுத வேண்டுமாம். பார்ப்போம்.

தங்கள் தம்பி
வலேரியு

•

பொயானா மடம்
8 பிப்ரவரி 2024

எண்ணங்களை எண்ணும் முன்பே அறிகிறவருக்குத் துதி.

அன்புத் தம்பிக்கு, நலம். விறகு பங்குனிப் பனி வரை போதும், கவலை வேண்டாம். இருமல் இருந்தால் சுண்டவைத்த சீமைச்சாமந்திக் கஷாயம் குடி.

கதைகளை மூன்று முறை படித்தேன். வாழ்நாளில் நீ இத்தனை காரியம் செய்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆயினும் ஏழு பக்கத்தில் “நான்” என்ற சொல் நாற்பத்தாறு இடங்களில் வந்தது. ஒரு மனிதன் அத்தனை முறை தன்னையே கூப்பிடலாமா? பெரும்பாலானவற்றை அடித்துவிட்டு, “இறையருளாலும் உடனிருந்தோர் உழைப்பாலும்” என்று மாற்றியிருக்கிறேன். தோல்விக் கதையில் உன் குற்றத்தை இன்னும் தெளிவாக எழுதி, முடிவில் மனம் வருந்தும் வாசகம் ஒன்றும் சேர்த்தேன். அந்தத் திருத்தங்களை அப்படியே மனப்பாடம் செய். நினைவாற்றல் உனக்குச் சிறுவயது முதலே உண்டு.

அக்கா தெயோஃபானா

•

யாஷ்
17 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். கஷாயம் குடித்தேன்; இருமல் குறைந்தது. தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?

தங்கள் திருத்தங்களை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்து ஸ்மரந்தாவிடம் ஒப்பித்தேன். தோல்விக் கதை முடியும் இடத்தில் அவள் மேசைமீது தலையை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சார், இது என்ன, பாவமன்னிப்புக் கூண்டா? ‘அடியேனின் கவனக்குறைவை நினைத்து நெஞ்சு நோகிறேன்’னு சொன்னா, அவங்க உங்களுக்கு வேலையா குடுப்பாங்க? ஜெபமாலதான் குடுப்பாங்க!”

“எங்கக்கா எழுதிக் குடுத்தது.”

“அக்காவ ஒண்ணும் சொல்லல சார். ஆனா அங்க போய், நீங்க செஞ்சத நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லணும். இல்லாட்டி, கடவுளையே வேலைக்கு எடுத்துக்கறோம், நீங்க கிளம்புங்கன்னுடுவாங்க.”

எனவே “நான்” மறுபடி உள்ளே வந்துவிட்டது. வருந்த வேண்டாம். தாங்கள் அடித்தவற்றில் பதினெட்டை மட்டுமே மீட்டிருக்கிறேன்.

முதல் சுற்று தொலைபேசியில் முடிந்தது. தேறிவிட்டேன்.

அந்த மூன்று ஆண்டுகளுக்கு ஸ்மரந்தாவே வழி சொன்னாள். “சுயதொழில் ஆலோசகர்னு போடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. நாப்பத்துமூணு வயசு ஆம்பள மூணு வருஷம் வீட்டுல இருந்தான்னா, குடியா ஜெயிலான்னுதான் யோசிப்பாங்க.” அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

தம்பி
வலேரியு

•

பொயானா மடம்
28 பிப்ரவரி 2024

உயர்ந்தோரைத் தாழ்த்தித் தாழ்ந்தோரைத் தூக்கும் கரத்துக்குத் துதி.

அன்புத் தம்பிக்கு, நலம். நீயும் நலமாயிருப்பாய் என நம்புகிறேன்.

இந்த வாரம் புதனிலும் வெள்ளியிலும் எங்களுக்கு உபவாசம் இல்லை. ஆலயத்தின் முன்னே நின்று, தான் இருந்த நோன்புகளைக் கடவுளுக்கே எண்ணிச் சொன்னவனின் உவமை ஞாயிறன்று வாசிக்கப்பட்டது. அவனைப் போல் ஆகிவிடாதிருக்க, அதை அடுத்து வரும் வாரத்தில் எல்லாரும் உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. பாலாடைக்கட்டியும் சோளக்களியும் உண்டோம். எனக்கு ஏனோ தொண்டையில் இறங்கவில்லை.

சுயவிவரத்தில் நீ எழுதியதைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் நீ எங்கே இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் உரிமை உண்டு, எனக்கு இல்லை.

கம்பளிக் காலுறை ஒரு சோடி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

•

யாஷ்
5 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு, காலுறை அளவாக இருக்கிறது. நன்றி. தொண்டைக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்றும் தேறிவிட்டேன். அறையில் விண்ணப்பித்தவர்கள் நான்கு பேர். மற்ற மூவரின் வயதைக் கூட்டினாலும் என்னைவிடப் பத்துப் பதினைந்துதான் அதிகம் இருக்கும். ஒரு மருந்துக்கடைக் குழுமத்தின் கிடங்குக் கணினியை எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். கிடங்கில் வேலை செய்பவரிடம் முதலில் பேச வேண்டும் என்றேன். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தோல்விக் கதை மட்டும் எடுபடவில்லை. “இது தோல்வி இல்லீங்க. கடைசியில எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சிருக்கு?” என்றார் ஓர் அம்மையார். கடைசிச் சுற்றில் இயக்குநர் ஹொராட்சியு அதையே மறுபடி கேட்பாராம். உண்மையிலேயே நட்டமான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்கிறாள் ஸ்மரந்தா.

களைத்துவிட்டேன், அக்கா. என் வாழ்க்கையை நானே ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகி, இப்போது எது நடந்தது எது பழகியது என்றே விளங்கவில்லை.

தாங்களாக இருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வீர்கள்? மடத்தில் இருப்பவர்களுக்குத் தோல்வி எங்கே இருக்கப்போகிறது என்று ஸ்மரந்தா கேலி செய்கிறாள். நேரமிருந்தால் எழுதுங்கள்.

வலேரியு

•

யாஷ்
14 மார்ச் 2024
(பதிவுத் தபால்)

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். சென்ற கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தாங்கள் நலம்தானே?

இறுதி நேர்காணல் 21ஆம் நாள், வியாழன், காலை பத்து மணி. தவக்காலத்தின் முதல் வாரம், மடத்தில் கடிதம் பிரிக்காத வாரம். இக்கடிதம் திங்களன்று வந்து சேரும். தாங்கள் கையொப்பமிட்டு வாங்குவீர்கள். வழக்கம்போல் எல்லாக் கடிதங்களோடும் திருவுருவப் படத்தின் கீழுள்ள பெட்டியில் வைப்பீர்கள். சனிக்கிழமை பூசைக்குப் பிறகே பிரிப்பீர்கள். அதற்குள் என் காரியம் முடிந்திருக்கும். அது தெரிந்தே எழுதுகிறேன். தெரியாவிட்டால் எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

இன்றோடு அம்மா போய் ஐந்து ஆண்டுகள். அம்மாவுக்குப் பிடித்த காட்டு மலர் ஏதும் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிய பூவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசி வாரத்தில் அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. தங்களை மட்டும் தெரிந்திருந்தது. “லுக்ரெட்சியா வந்துட்டாளா?” என்று தங்கள் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். “வழியில வந்துட்டிருக்காம்மா” என்றேன். மடத்துத் தொலைபேசிக்கு இரண்டு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. உறையின்மேல் சிவப்பு மையில் “அவசரம்” என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேனே, வந்துவிடுவீர்கள் என்று நானும் நம்பினேன்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தாங்கள் வந்தீர்கள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்தார். தங்கள் கையெழுத்து. தேதி மார்ச் 11. அம்மா இறந்தது 14.

அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

வியாழனன்று சுயதொழில் என்றே சொல்லப்போகிறேன். வாடிக்கையாளர் இரண்டு பேரின் பெயரைக்கூட ஸ்மரந்தாவும் நானும் சேர்ந்து யோசித்து வைத்துவிட்டோம். வேண்டிக்கொள்ளுங்கள்.

வலேரியு

•

பொயானா மடம்
18 மார்ச் 2024
தவக்காலத்தின் முதல் திங்கள்

இதயத்தின் மூடிய அறைகளுக்கும் சாவி வைத்திருப்பவரே, என்மேல் இரக்கமாயிரும்.

தம்பி, உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன்.

நேற்று மாலை, தவம் தொடங்கும் முன் செய்வதுபோல், மடத்தில் ஒருவர் ஒருவர் முன் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டோம். அறுபத்திரண்டு சகோதரிகளிடம் கேட்டேன். கேட்க வேண்டிய ஒருவன் அங்கே இல்லை. இன்று காலை உன் உறை கைக்கு வந்தது. கையொப்பமிட்டேன். பெட்டிவரை போனேன். திரும்பி நடந்து தலைவியம்மாவின் கதவைத் தட்டினேன்.

“தலைவியம்மா, தம்பி கடிதம். பிரிக்கலாமா?”

“பிரி” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “இதைக் கேக்கவா இப்படி நடுங்குற?” என்றார்.

அந்தக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையே இருபது அடி, வலேரியு.

நான் என்றால் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தாய். இரண்டு நிமிடத்தில் சொல்லும்படி எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே திங்களன்று உன் உறை வந்தது. உன் கையெழுத்தை அறிந்தேன். சிவப்பு மையையும் கண்டேன். அது என்னவாக இருக்கும் என்பதும் தெரியும். போய்க் கேட்டிருந்தால் அன்றும் “பிரி” என்றே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. மற்றச் சகோதரிகள் சிலர் முதல் வாரத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் பிரிப்பார்கள். தபால்காரியான நான் ஒரு முறையும் கேட்டதில்லை. அவர்களைப் போல் நான் இல்லை என்ற எண்ணம் எனக்கு இனிப்பாக இருந்தது. உறையைப் பெட்டியின் அடியில் வைத்தேன். ஐந்து நாள் அதன் முன் முழந்தாளிட்டு ஜெபித்தேன். சனிக்கிழமை நண்பகல் பிரித்தேன். நீ அம்மாவை மண்ணில் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

ரொட்டிக் கணக்கை உட்கார்ந்தே யோசிக்கச் சொல்கிறார்கள் என்று சிரித்தாயே. கடைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

பிறகு உன் வீட்டில் தேநீர் குடித்தேன். சொல்லவில்லை. நீ கேட்காததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழனன்று நீ என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கேட்ட கேள்விக்கு விடை மட்டுமே இது. கவ்ரில் புதனன்று யாஷுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என்னை மன்னி.

லுக்ரெட்சியா

•

யாஷ்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உடல்நலம் பேணவும். நோன்பில் எண்ணெயும் சேர்ப்பதில்லை என்று கவ்ரில் சொன்னார்.

அவர் புதன் மாலை நான்கு மாடி ஏறி வந்து கடிதத்தைக் கொடுத்தார். “பதில் இருந்தா குடுங்க” என்றார். இல்லை என்றேன்.

வியாழன் நடந்ததை எழுதுகிறேன். ஹொராட்சியு என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதையான மனிதர். பக்கத்தில் பணியாளர் பிரிவு அம்மையார்.

“மூணு வருஷம் சுயதொழில்னு இருக்கு. வாடிக்கையாளருங்க யாரு?”

மனப்பாடம் செய்த பெயர்கள் இரண்டும் நாக்கின்மேல் இருந்தன.

“ஒரே ஒருத்தங்கதான்.”

“பெரிய நிறுவனமா?”

“எங்கம்மா.”

ஹொராட்சியு காகிதத்தை மறுபடி பார்த்தார். “அப்ப இங்க எழுதியிருக்கறது?”

“பொய் சார்.”

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். தோல்வியைப் பற்றி ஹொராட்சியு கேட்கவே வேண்டியிருக்கவில்லை, நானே சொன்னேன். மறதி நோய் வந்த அம்மாவுக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய நேர அட்டவணை, பதினோரு மாத்திரை, எந்த நாற்காலியைச் சன்னல் பக்கம் வைத்தால் பயப்படுவார் என்பது, மூன்று ஆண்டுகளில் அந்த அட்டவணையை நாற்பது முறை மாற்றி எழுதியது. பிறகு, “வழியில வந்துட்டிருக்கா” என்று சொன்னதும். இரண்டு நிமிடம் அல்ல, இருபது நிமிடம் ஆயிற்று.

“நீங்க சொன்னத நான் எழுதித்தான் ஆகணும்” என்றார் ஹொராட்சியு, எழுந்து கைகொடுத்தபடி.

“எழுதுங்க சார். இது சரியான விவரம்.”

திங்களன்று பதில் வந்தது. சுயவிவரத்தில் உண்மையல்லாத தகவல் இருந்ததால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. பன்னிரண்டு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். வேலை இல்லை, அக்கா.

ஸ்மரந்தா வந்து கத்தினாள். “ஒரே ஒரு வார்த்த சார்! முழுங்கியிருக்கக் கூடாதா? பரிந்துரை பண்ணுனவ நான். என்னயும் கூப்பிட்டுக் கேட்டாங்க, தெரியுமா?” கேட்டது நியாயம். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், “அந்த மூணு வருஷத்துல நான் ஒரு தடவகூட வந்து எட்டிப் பாக்கல சார்” என்றாள். சோளக்களி கிண்டினேன். ஊறுகாய் முட்டைக்கோசு வைத்துச் சாப்பிட்டுப் போனாள்.

தாங்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வீர்கள் என்று அறிவேன். அன்று பிரிக்காததால் அம்மாவுக்கு நட்டம்; இன்று பிரித்ததால் எனக்கு வேலை நட்டம் என்று. கணக்கு அப்படி வராது, அக்கா. முதல் வாரத்துத் திங்களன்று தாங்கள் ஒரு கதவைத் தட்டியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளாக நான் காத்திருந்தது அதற்குத்தான் என்பது அந்த உறையைப் பிரித்தபோதே விளங்கியது.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னிடம் இனி அதற்கு வேலையில்லை.

வேறோர் இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், சிறிய நிறுவனம். சுயவிவரத்தில் “2016–2019: நோயுற்ற தாயைப் பராமரித்தேன்” என்று எழுதினேன். இன்னும் அழைக்கவில்லை. மறுபடி ஏழு கதைகளைப் பழக வேண்டும். இப்போதைக்குத் தூங்க வேண்டும் போலிருக்கிறது.

வலேரியு

•

பொயானா மடம்
7 மே 2024
(பதிவுத் தபால்)

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! கல்லறையின் கல்லை உள்ளிருந்தே தள்ளியவருக்கு மகிமை.

அன்புத் தம்பிக்கு, நலம். உன் முழங்கால் நலமா? உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஐந்து வாரம் ஆயிற்று. நான்கு முறை எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன். அவற்றில் “நான்” மிகுதியாக இருந்தது.

தலைவியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தபால் பொறுப்பை வேறு சகோதரிக்குக் கொடுத்து, என்னைச் சமையற்கட்டுக்கு அனுப்பினார். வெங்காயம் உரிக்கிறேன். அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த வகையில் நல்ல இடம்.

வரும் திங்கள், இறந்தோரின் உயிர்ப்புப் பெருநாள். கல்லறைகளில் உணவு வைத்துப் பகிரும் நாள். யாஷுக்கு வர அனுமதி கேட்டேன். கொடுத்தார். சிவப்பு முட்டைகளும் இனிப்பு ரொட்டியும் நான் கொண்டுவருகிறேன். நீ விரிப்புத் துணியும் மெழுகுவர்த்தியும் எடுத்து வா. ஸ்மரந்தாவும் வந்தால் மகிழ்வேன். அம்மாவின் அருகே உட்கார்ந்து அந்த மூன்று ஆண்டுகளை எனக்குச் சொல். இரண்டு நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம்.

நான் வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையொப்பமிட்டு வாங்கிக்கொள். உன் பெயர் எழுதிய ஒப்புகை அட்டை ஒன்று என்னிடமும் இருக்கட்டும்.

இந்த எழுத்தை வாசிக்கும் கண்களும், வாசிக்கக் கேட்கும் செவிகளும், அவர்கள் வாழும் வீடும் வாழ்க. அவ்வீட்டில் நோயுற்றோர்க்கு அருகே அமர ஆள் இருக்கட்டும். வேலை தேடுவோர்க்கு வாசல் திறக்கட்டும். எந்தக் கதவின் முன்னும் கேட்கத் தயங்கி யாரும் நில்லாதிருக்க, இரக்கமுள்ள இறைவன் அருள்புரிவாராக.

அக்கா
லுக்ரெட்சியா என்னும் தெயோஃபானா